பாக்கெட்டுக்கு அளவெடுத்த துப்பாக்கி

டெக்சஸில் துப்பாக்கிப் பிரியர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் வாக்குவாதம் இல்லாமல் பிரிய மாட்டார்கள். எந்தத் தோட்டா, எந்தக் கம்பெனி, இடுப்பில் எந்தப் பக்கம் செருகுவது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். ஆனால் குழல் குட்டையான சப்பைமூக்கு ரிவால்வர் பக்கம் பேச்சு திரும்பினால் மட்டும் சூடு தணிந்துவிடும். "அதுவா, என்னிடம்கூட ஒன்று இருக்கிறது" என்பார் ஒருவர். அதுவரை பெரிய பிஸ்டலுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியவரும் "என்னிடமும்தான்" என்பார். டாலஸ் பக்கம் குடிவந்ததிலிருந்து இதை நிறையப் பார்த்துவிட்டேன்.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. எச்-1பி விசாவில் இருந்த காலத்தில் வேட்டை உரிமம் மாதிரி ஏதாவது விதிவிலக்கு இருந்தாலொழியச் சட்டம் அதைத் தொடவே விடாது. கிரீன் கார்டு வந்தபின் அந்தச் சிக்கல் போய்விட்டது. வாங்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற மின் பொறியாளர், கதை சொல்வதில் சலிக்காதவர். அவருடைய இரும்புப் பெட்டியில் ஒரு தட்டு முழுக்க இந்தக் குட்டை ரிவால்வர்கள்தான். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது, மீதி அவர் கிளப்பிவிட்ட ஆர்வத்தில் நானே தேடிப் படித்தது.

குட்டை என்றால் எவ்வளவு குட்டை? இன்று கடைகளில் அதிகம் கண்ணில் படும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாடலின் குழல் 1.875 அங்குலம். ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரில் ஐந்தே இடம். எடை 400 கிராமுக்குச் சற்று மேல். உள்ளே போவது .38 ஸ்பெஷல் என்ற, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பழைய தோட்டா.

சுட்டுப் பார்த்தால்தான் இதன் லட்சணம் தெரியும். பெரியவர் என்னை ரேஞ்சுக்கு அழைத்துப் போய் ஏழு கஜத்தில் ஒரு காகித இலக்கைத் தொங்கவிட்டு 642-ஐக் கையில் கொடுத்தார். டிரிக்கரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். மெதுவாக இழுத்தால் சிலிண்டர் உருள்வது விரலுக்குத் தெரிகிறது. அது நகர்ந்து தன் இடத்தில் 'டிக்' என்று பூட்டிக்கொள்கிறது. இழுவை இன்னும் கொஞ்சம் இறுகுகிறது, அப்புறம் திடீரென்று விட்டுவிடுகிறது. அந்த இறுக்கத்திலேயே குழல் முனை கீழே தாழ்ந்துபோகிறது. குறி பார்க்கப் பின்பக்கம் தனியாக எதுவும் கிடையாது, துப்பாக்கியின் உடற்சட்டத்தின் முதுகில் ஓடும் ஒரு பள்ளம்தான். முன்னால் இருக்கும் சிறு மேடும் இலக்கின் கறுப்பில் கலந்து காணாமல் போகிறது. கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது அந்தரத்தில் தொங்குகிறது. துப்பாக்கி லேசானது என்பதால் உதை முழுவதும் கைக்கு வருகிறது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை சுரீர் என்கிறது. நான் சுட்ட ஐந்தும் இலக்கில் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தன.

காலிக் குப்பிகளை வெளியேற்றுவதும் லேசில்லை. குழல் குட்டை, அதனால் அதன் அடியில் ஒளிந்திருக்கும் தள்ளுகம்பியும் குட்டை. மெல்லத் தள்ளினால் குப்பிகள் பாதி வெளியே வந்து நின்றுகொள்ளும். குழலை வானம் பார்க்கத் தூக்கி உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பெரியவர் அதைப் பார்க்காமலே செய்வார்.

அப்புறம் தன் செல்லப்பிள்ளையை எடுத்தார். 340பிடி. ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டம், டைட்டானியம் சிலிண்டர், எடை 340 கிராம்கூட வராது. சுடுவதோ .38 ஸ்பெஷலைவிடப் பலத்த தோட்டாவான .357 மேக்னம். 120 கிரெய்னுக்கு, அதாவது ஏறக்குறைய எட்டு கிராமுக்கு, குறைந்த எடையுள்ள குண்டு போடாதே என்று அதன் குழலிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் குண்டின் உதையில், சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் தலை குப்பியைவிட்டுக் கழன்று முன்னால் வந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் முட்டுக்கட்டை போட்டுவிடக்கூடும். பெரியவர் ஒரு சுற்றுச் சுட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையை உதறினார். "இன்னொரு தடவை?" என்றேன். "இது சுடுவதற்காக வாங்கியதில்லை" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். இந்த ரகத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. இலக்குக்காக இந்த ரிவால்வரில் செய்த மாற்றங்கள் சொற்பம். பாக்கெட்டுக்காகச் செய்தவை ஏராளம். துப்பாக்கி செய்பவர்களைவிடத் தையல்காரர்களுக்குத்தான் இது அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

1920களில் கோல்ட் கம்பெனியில் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒருவர் வேலை பார்த்தார். கம்பெனியின் பெரிய ரிவால்வர்களை எடுத்துக் குழலைத் துண்டாக வெட்டினார். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியின், பாக்கெட் துணியில் கொக்கி போல மாட்டும் வாலைச் சீவினார். டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்தின் முன்பாதியைக்கூட அறுத்துவிட்டார், விரல் சட்டென்று போய்ச் சேரட்டும் என்று. அப்படிச் செய்த இரண்டைத் தன் பேன்ட்டின் இரண்டு முன் பாக்கெட்டுகளிலும் போட்டுக்கொண்டு திரிந்தார் என்பார்கள். பாதுகாப்பு வளையமில்லாத டிரிக்கரை பாக்கெட்டில் வைத்து நடந்த மனிதர்! 1927இல் கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் கடைக்கு வந்தது. இரண்டங்குலக் குழல், ஆறு தோட்டா. பெயரே யாருக்கென்று சொல்லிவிடும். சீருடை போடாத போலீஸ்காரருக்கு, கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ள.

1950இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு நடந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு புதிய ஐந்து தோட்டா ரிவால்வரை அங்கே கொண்டுபோய் வைத்தது. வந்திருந்த அதிகாரிகளே ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்தார்கள். சீஃப்ஸ் ஸ்பெஷல். ஆறாவது தோட்டாவை விட்டுக்கொடுத்ததால் சிலிண்டர் ஒல்லியானது, ஒல்லியானதால் வெளியே புடைத்துத் தெரியாது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஜே-ஃபிரேம் என்ற குட்டை ரிவால்வர் வம்சத்தின் மூதாதை இதுதான். அப்போதும் சுத்தியின் வால் துணியில் மாட்டும் தொல்லை தீரவில்லை. 1952இல், கம்பெனிக்கு நூறு வயதானதை ஒட்டி, சுத்தியை முழுவதும் சட்டத்துக்குள் மூடிய சென்டெனியல் வந்தது. 1955இல் பாடிகார்ட். இதில் சுத்தியின் இரு பக்கமும் மதில் எழுப்பி, நுனியை மட்டும் வெளியே தெரியவிட்டார்கள். 1965இல் மாடல் 60. துருப்பிடிக்காத எஃகில் வழக்கமான உற்பத்திக்கு வந்த முதல் ரிவால்வர் என்ற பெருமை இதற்கு உண்டு. பளபளப்புக்காகச் செய்ததில்லை. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துப்பாக்கி வியர்வையில் ஊறும், பழைய நீலப்பூச்சு எஃகு அதற்குத் தாங்காது.

டாலஸுக்கும் இந்த ரகத்துக்கும் வேண்டாத ஒரு உறவும் இருக்கிறது. 1963 நவம்பர் 24 அன்று இந்த ஊர்ப் போலீஸ் தலைமையகத்தின் அடித்தளத்தில் அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டபோது ரூபியின் கையில் இருந்தது கோல்ட் கோப்ரா. டிடெக்டிவ் ஸ்பெஷலின் அலுமினியத் தம்பி. ஆஸ்வால்ட் முகம் சுளித்து மடங்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நிருபர்களும் போலீஸும் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒரு மனிதர் துப்பாக்கியோடு நிற்கிறார், வெளியே எடுக்கும் நொடிவரை யாருக்கும் தெரியவில்லை. பிரியர்கள் புகழும் குணமும் அதுவேதான். கோப்ராவைப் பற்றி உற்சாகமாகப் பேசுபவர்களிடம் ரூபி பெயரை எடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன்.

வரலாறு போகட்டும். பிரியர்களின் அன்றாடம்தான் எனக்குச் சுவாரசியம். பெரியவர் காலையில் கிளம்பும் அழகைப் பார்க்க வேண்டும். வலது முன் பாக்கெட் அதற்கு மட்டும். சாவி, சில்லறை, கைக்குட்டை எல்லாம் இடது பக்கம். டிரிக்கரோடு வேறு எதுவும் உரசக் கூடாது. வெறும் துப்பாக்கியைப் பாக்கெட்டில் போடுவதும் பாவம். அதற்கென்று ஒரு உறை, வெளிப்பக்கம் சொரசொரப்பாக, ஒரு மூலை கொக்கிபோல வளைந்து. எடுக்கும்போது துப்பாக்கி மட்டும் கைக்கு வர வேண்டும், உறை பாக்கெட்டிலேயே தங்கிவிட வேண்டும். கைப்பிடியில் ரப்பர் போட்டால் சுட சுகம், ஆனால் ரப்பர் துணியைப் பிடித்துக்கொண்டு வராது. மரம் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும், கை வலிக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு டப்பா நிறையக் கைப்பிடிகள் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். கண்ணாடி முன் நின்று பார்ப்பார், உட்கார்ந்து பார்ப்பார். புடைப்பு தெரிகிறதா என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "தெரியவில்லை" என்பார். வாரத்துக்கொரு முறை குண்டுகளை இறக்கி, குழலில் சேர்ந்த பாக்கெட் பஞ்சைத் துடைத்தெடுப்பார்.

வடக்கு டெக்சஸ் கோடையில் நாற்பது டிகிரி வெயில். கோட்டும் இல்லை, சட்டைக்கு மேல் சட்டையும் இல்லை. அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும்தான். இடுப்பில் பிஸ்டல் செருகுபவர்கள் தொளதொளச் சட்டை தேடி அலையும்போது இவர் சிரித்துக்கொண்டே நடமாடுகிறார். இங்கே மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு தடையில்லாதவர்களுக்கு அந்த உரிமமும் தேவையில்லை. வேண்டாம் என்று நினைக்கும் கடைக்காரர்கள் 30.06 என்ற சட்டப்பிரிவைச் சொல்லி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் வாசலில் பலகை வைப்பார்கள். துப்பாக்கிக்காரர்கள் வாசலில் ஒரு நொடி நின்று எதையோ படிப்பதைப் பார்த்தால் அது இதுவாகத்தான் இருக்கும்.

சரி, நியாயமாகப் பார்த்தால் 2018இல் இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். அந்த வருடம் சிக் சாவர் கம்பெனி பி365 என்ற குட்டிப் பிஸ்டலைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே அளவு, ரிவால்வரைவிடத் தட்டை, உள்ளே பத்துத் தோட்டா. சுடவும் எளிது, மறுபடி நிரப்பவும் எளிது. எண்ணிக்கையை வைத்து வாதாடினால் ரிவால்வர் தோற்றது. ஆனாலும் அது போகவில்லை. கோல்ட் 2017இல்தான் கோப்ராவை மறுபடி உயிர்ப்பித்திருந்தது. ரூகர் 2009இல் கொண்டுவந்த, பாதி பிளாஸ்டிக்கான எல்சிஆர் நன்றாகவே விற்றுக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று கேட்டால் பிரியர்கள் காரணங்களை அடுக்குவார்கள். சிலது உண்மை. பிஸ்டலை நிரப்பி இழுக்க மேல்பகுதியைப் பலமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும், மூட்டுவலி வந்த விரல்களுக்கு அது முடியாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் ரிவால்வரில் மறுபடி டிரிக்கரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். சுத்தி மூடிய மாடலைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே சுடலாம், பிஸ்டலானால் துணியில் சிக்கி முதல் குண்டோடு நின்றுவிடக்கூடும். சிலது பாதி உண்மை. ரிவால்வர் சிக்காது என்பார்கள். அடிக்கடி சிக்காது என்பது சரி, சிக்கினால் கருவிப்பெட்டி வேண்டும். மேல்பகுதியை இழுக்கப் பலமில்லாத விரல் ஐந்து கிலோ டிரிக்கரை மட்டும் எப்படி இழுக்கும் என்ற கேள்விக்கு நான் இதுவரை திருப்தியான பதில் கேட்டதில்லை.

மிகப் பெரிய வாதம், வீட்டில் இருக்கும் பெரிய துப்பாக்கியைவிடப் பாக்கெட்டில் இருக்கும் சின்னத் துப்பாக்கி மேல் என்பது. மறுக்க முடியாது. ஆனால் அந்த வாதமே பயிற்சி செய்யாமலிருக்கவும் சாக்காகிவிடுகிறது. சுட்டால் வலிக்கும், வலிப்பதால் சுடுவதில்லை, சுடாததால் கை பழகுவதில்லை. மற்றத் துப்பாக்கிகளைவிட அதிகப் பழக்கம் கேட்கும் கருவியை மற்றவற்றைவிடக் குறைவாகப் பழகுகிறார்கள். பெரியவர் விதிவிலக்கு. தினமும் வெடிக்காத போலித் தோட்டா போட்டுச் சுவரைப் பார்த்து டிரிக்கரை இழுத்துப் பழகுகிறார். அவர் நண்பர்களில் பலர் வாங்கிய அன்று ஒரு பெட்டித் தோட்டா சுட்டதோடு சரி.

காரணங்களுக்கு அடியில் இருப்பது வெறும் பிரியம்தான் என்பது என் எண்ணம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பூட்டுச் சண்டை ஒன்று போதும். 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிளின்டன் அரசோடு ஒரு உடன்பாடு செய்துகொண்டது. துப்பாக்கியோடு பூட்டு, விற்பனையில் கட்டுப்பாடுகள் என்று பல அம்சங்கள். வாடிக்கையாளர்கள் துரோகம் என்று கொதித்துக் கம்பெனியைப் புறக்கணித்தார்கள். 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்த பிரிட்டிஷ் முதலாளிகளான டாம்கின்ஸ் நிறுவனத்தார், 2001இல் வெறும் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியது அரிசோனாவைச் சேர்ந்த சேஃப்-டி-ஹேமர், பூட்டு விற்கும் கம்பெனி! விளைவு, ரிவால்வரின் இடது பக்கம் ஒரு சிறு சாவித் துளை முளைத்தது. அதற்குப் பிரியர்கள் வைத்த பெயர் 'ஹிலரி ஓட்டை'. பாக்கெட்டில் யாருக்கும் தெரியாத அந்தத் துளைக்காக இருபது வருடத்துக்கும் மேலாகச் சபித்துக்கொண்டிருந்தார்கள். துளை வராத பழைய துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். 2024இல் பூட்டில்லாமல், இருட்டிலும் ஒளிரும் முன்குறியோடு 'அல்டிமேட் கேரி' வரிசை வந்தபோது பெரியவர் எனக்குப் படம் அனுப்பினார், பேரன் பிறந்த செய்தியை அனுப்புவதுபோல.

இந்த உலகம் பாக்கெட் உள்ளவர்களின் உலகம் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களின் உடைகளில் பாக்கெட்டே இல்லை, இருந்தாலும் இரண்டு விரல் நுழையாது. அதனால் அவர்களுக்குக் கைப்பையில் தனி அறை வைத்துத் தைத்து விற்கிறார்கள். கைப்பையோ நாற்காலியில், கடை வண்டியில், குழந்தை பக்கத்தில் என்று உடம்பைவிட்டுப் பிரிந்து கிடக்கும். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடனில், கடை வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அப்படிப்பட்ட பையின் அறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட, தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அது ரிவால்வர் இல்லை, சின்னப் பிஸ்டல். இதைச் சொன்னால் பிரியர்கள் உடனே ரிவால்வரின் கடினமான டிரிக்கரைக் காட்டுவார்கள். குழந்தை விரலுக்கு அது தடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் துப்பாக்கிக் கடைகளில் "உங்கள் கைக்கு அழகாக இருக்கும்" என்று முதல்முறை வாங்க வரும் பெண்கள் கையில் இந்த லேசான, உதைக்கிற, பழகக் கடினமான ரிவால்வரைத் திணிப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

நம் நாட்டிலும் இதே யோசனை ஒரு தடவை வந்தது. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று பெண்களின் கைப்பைக்கு ஏற்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். அந்தப் பணத்தையும், உரிமத்துக்கு அலையும் நேரத்தையும் வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பிரியர்கள் இதைத் தொடுவதில்லை. பெரியவர் தொட்டார். பழைய நண்பர் ஒருவர் மனைவியை இழந்து சோர்ந்திருந்தபோது இவரே போய்ப் பேசி, அவருடைய துப்பாக்கிகளை வாங்கிவந்து பல மாதம் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். எனக்கு அதைச் சொன்னது அவர் மனைவிதான்.

போன வருடம் அலுவலகத் தம்பி ஒருவன், "அண்ணா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், அந்தக் குட்டி ரிவால்வர் எப்படி?" என்று வந்து நின்றான். எனக்குத் தெரிந்தது ஏட்டுச் சுரைக்காய், வா என்று பெரியவரிடம் கூட்டிப்போனேன். தன் சகாக்களின் பெருமையைப் பாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். முதலில் வகுப்புக்குப் போ, நடுத்தர அளவில் ஒரு பிஸ்டல் வாங்கு, அதற்கும் முன்னால் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதே, பூட்டுப் பெட்டி வாங்கு, இதெல்லாம் பழகியவன் வைத்துக்கொள்வது என்று நீட்டி முழக்கினார். தம்பிக்கு ஏமாற்றம். "நீங்கள் மட்டும் இத்தனை வைத்திருக்கிறீர்களே சார்?" என்று கேட்டுவிட்டான்.

பெரியவர் எழுந்து நின்று தன் பேன்ட்டின் வலது பாக்கெட்டை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். கடையில் பேன்ட் வாங்கும்போது இடுப்பளவைப் பார்ப்பதற்கு முன்னால் பாக்கெட்டில் கையை விட்டு ஆழம் பார்ப்பாராம். ஆழம் சரியாக இருந்தால் நிறம்கூடப் பார்க்காமல் மூன்றாக வாங்கிவிடுவாராம். "என் அலமாரியில் இருப்பதெல்லாம் இதற்காகத் தைத்ததுதான்" என்றார், "இனிமேல் மாற்ற ரொம்பச் செலவாகும்."